நைனாவின் கனவில் நீ வந்த நாட்கள்

தினா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. அதனால் போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்று நீ சொன்னதும் எனக்கு நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. நிஷா என்ற பெயரை நீ சொன்ன விதத்திலேயே அந்தப் பெண்மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று தெரிந்தது. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாய். “அம்மா, நீ மட்டும் வா. அவர் வர வேணாம்.” நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ வைத்துவிட்டாய். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் “சரி விடும்மா” என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் யாரும் பேச்சை மாற்ற முடியாது.

உன் நைனா குடியை விட்டுவிட்டார் என்று போன வருஷம் நான் சொன்னபோது, “இது எத்தனாவது தடவ?” என்று கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. அதற்கு மேல் நானும் சொல்லவில்லை. அவர் சிகிச்சை எடுத்த வார்டில் குடும்பத்தாருக்கென்று ஒரு கூட்டம் நடக்கிறது. அங்கே படிக்க எதையாவது எழுதித் தரும்படி அந்த வார்டு டாக்டரம்மா கேட்டார். பிள்ளை பேசாமல் இருக்கிற வீடு நம் வீடு மட்டும் இல்லை. எழுத உட்கார்ந்தால் எனக்கு உன்னிடம் சொல்கிற மாதிரிதான் எழுத வருகிறது. அதனால் முதலில் நீ படி. அப்புறம் அவர்கள் படிக்கட்டும்.

உனக்குத் தெரிந்த கதையை அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் நைனா நன்றாகக் குடித்துவிட்டு வந்து கட்டிலில் படுத்தார். படுத்தபடி பீடி பற்ற வைத்தார். பீடி விரலில் இருக்கும்போதே தூங்கிப்போனார். மெத்தையில் தீ பிடித்துக்கொண்டது. நான் தண்ணீரோடு ஓடி அவரை இழுத்தேன், நீ என்னை இழுத்தாய். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அந்த ஆளு இருக்கற வூட்ல இனிமே நான் இருக்க மாட்டேன். நீயும் கிளம்பு.” நான் கிளம்பவில்லை. நீ கிளம்பினாய். அன்றிலிருந்து நைனா என்ற சொல் உன் வாயில் வரவில்லை. ‘அவர்’ என்றுதான் சொல்கிறாய்.

பெங்களூரு எவ்வளவு தூரம்? ஆம்பூரில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனாலும் நீ பொங்கலுக்கு வருவாய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு என்னை அங்கே வரச்சொல்வாய். வீடு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. எனக்குப் புடவை, ஸ்வீட் பாக்கெட், கைக்குத் தடவ ஒரு மருந்து எல்லாம் வாங்கி வருவாய். நான் வேலை செய்கிற ஷூ கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று கதை சொல்வேன். நீ சிரித்துக்கொண்டே கேட்பாய். அப்புறம் பெங்களூரு பஸ் வந்துவிடும். பெற்ற பிள்ளையை விருந்தாளி மாதிரி ஓட்டலில் பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்து வருவது எப்படி இருக்கும் என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. வந்தால் அவர் கேட்பார், “பஸ்ஸுல சீட்டு கெடச்சுதா?” உன்னைப் பற்றி அது ஒன்றைத்தான் கேட்பார்.

போன வருஷம் அவர் கையில் காசில்லாமல் குடிக்காமல் இருந்தார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தோல் பதனிடுகிற டேனரி வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ரொம்ப நாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் அப்படி ஆகுமாம். அங்கிருந்து குடியை நிறுத்தும் வார்டுக்கு மாற்றினார்கள். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நானும் கூடவே இருந்தேன். கை நடுக்கம் நிற்க ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தால், நாம் மூன்று பேரும் ஏலகிரிக்குப் போனோமே, அப்போது இருந்த முகம் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. முழுசாக வரவில்லை. ஓரமாக எட்டிப் பார்த்தது.

அந்த வார்டுக்குப் பின்னால் ஒரு புங்க மரம். சாப்பாடு முடிந்ததும் ஆம்பளைகள் எல்லாரும் அங்கே போய்விடுவார்கள். குடிக்க வழியில்லை, ஆளாளுக்கு பீடி. உன் நைனாவும் முன்னைவிட ஜாஸ்தி பீடி இழுக்க ஆரம்பித்தார். கட்டு தீர்ந்தால் நான்தான் கடைக்குப் போய் வாங்கி வருவேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்களோடு காட்பாடிக்காரர் ஒருவர் இருந்தார், மணியண்ணன் என்போம். அவர் இரண்டாம் முறையாகச் சேர்ந்திருந்தார். அவர் சொல்வார், “குடிய வுட்டதே பெரிய விசயம் தங்கச்சி. பீடியையும் புடுங்கிட்டா மனுசன் எத்தப் புடிச்சிகினு நிப்பான்?” எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதனால் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, பீடியையும் விடுவதற்கு மாத்திரை இருக்கிறது, இப்போதே ஆரம்பிக்கலாம் என்று சொன்னபோது நான்தான் முதலில் வேண்டாம் என்றேன். “அதையாவது வுட்டுடுங்கம்மா. ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்தா பேஜாராயிடும். திரும்ப குடிக்கப் போயிடுவாரு.” டாக்டரம்மா கோபப்படவில்லை. “எல்லாரும் அப்படித்தான் பயப்படுறாங்கம்மா. ஆனா பீடிய விட்டவங்களுக்குக் குடிய விட்டு நிக்கறது கஷ்டமாகறதில்ல, லேசாத்தான் ஆகுது. குடிய விட்டு வருஷக்கணக்கா நல்லா இருந்தவங்கள நெஞ்சு வலின்னும் நுரையீரல்னும் இதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்க. குடிகிட்ட இருந்து காப்பாத்தி பீடிகிட்ட குடுத்துட்டோமேன்னு அப்ப எனக்குத் தோணும்” என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு உன் நைனா பக்கம் திரும்பினார். “உங்களுக்குக் குடிக்கணும்னு எப்பங்க தோணுது?”

உன் நைனா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். அவர் பேச்சு உனக்குத்தான் தெரியுமே, ஒன்றைச் சொல்வதற்குள் நமக்கு வேறு வேலை வந்துவிடும். அன்றைக்கு யாரும் எழுந்து போகவில்லை. “பீடி பத்த வச்சா தோணுதும்மா. ஒரு கை பீடிய புடிக்குது. இன்னொரு கை சும்மா இருக்க மாட்டேங்குது, கிளாஸத் தேடுது” என்றார். இத்தனை வருஷம் அந்தக் கைகளுக்குச் சோறு போட்ட எனக்கு அது தெரியாது. அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். “குடுங்கம்மா, போட்டுப் பாக்கறேன்” என்றார்.

மூளையில் பீடி போய் உட்காருகிற இடத்தில் அந்த மாத்திரை போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அப்புறம் பீடி இழுத்தாலும் பழைய சுகம் கிடைக்காதாம். முதல் வாரம் பீடியைக்கூட நிறுத்த வேண்டாம், மாத்திரையைப் போட்டுக்கொண்டே பீடி இழுக்கலாம், அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்து விட்டுவிட வேண்டும் என்றார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மனசு ரொம்பச் சோர்ந்துபோனால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். கடைசியாக, “கனவு நிறைய வரும், பயப்படாதீங்க” என்றார் டாக்டரம்மா. கனவுக்கெல்லாம் யார் பயப்படுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தினா, உன் நைனா என்னிடம் ஒரு நாளும் கனவு என்று ஒன்றைச் சொன்னதில்லை. குடித்துவிட்டுத் தூங்குகிறவருக்குக் கனவு வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. மாத்திரை ஆரம்பித்த சில நாளில், காலையில் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கிறேன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். “இன்னா?” என்றேன். “டேனரில ஊறப்போட்ட ஆட்டுத்தோலு எல்லாம் எழுந்து நின்னுகினு, கலவை ஊருக்கு எந்த பஸ்ஸுன்னு என்னைக் கேக்குது” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் மணியண்ணனும் சிரித்தார். “நீ இன்னா சொன்ன?” என்று கேட்டார். “ஆற்காடு போயி மாறச் சொன்னேன்” என்றார் உன் நைனா. அந்த வார்டில் அத்தனை பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கனவில் நீ வந்தாய். டேனரியில் தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய டிரம் சுற்றிக்கொண்டிருக்கிறதாம், அதன்மேல் நீ ஸ்கூல் யூனிபார்மில் உட்கார்ந்து படிக்கிறாயாம். “நிறுத்துங்கடான்னு கத்தறேன், சத்தமே வரல. அவன் பாட்டுக்குப் படிக்கறான், வுழவே இல்ல” என்றார். அதன் பிறகு தினமும் நீதான். ஒரு நாள் பாலாற்றில் கரை கொள்ளாமல் தண்ணீர் போகிறது, நீ அவரைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அக்கரைக்கு நடக்கிறாய். ஒரு நாள் நீ செருப்புக் கடை வைத்திருக்கிறாய், அவர் காலுக்கு எந்த அளவும் சேரவில்லை, நீ அலுக்காமல் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துத் தருகிறாய். ஒரு நாள் ஒன்றுமே நடக்கவில்லை, நீ எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாய், அவ்வளவுதான். அதைத்தான் ரொம்ப நேரம் சொன்னார். என்ன சட்னி, எத்தனை தடவை தண்ணீர் கேட்டாய் என்று எல்லாம் சொன்னார். விழித்திருக்கும்போது உன் பெயரைச் சொல்லத் தயங்குகிற மனுஷன், கனவைச் சொல்கிற சாக்கில் தினா தினா என்று வாய் நிறையச் சொன்னார். எனக்கும் அது வேண்டியிருந்தது. விடிந்ததும் டீயை எடுத்துக்கொண்டு ஓடுவேன், இன்றைக்கு நீ எப்படி வந்தாய் என்று கேட்க.

கனவு தொந்தரவாக இருந்தால் ராத்திரி மாத்திரையைக் கொஞ்சம் முன்னாடியே போடலாம், அளவையும் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். உன் நைனா அவசரமாக மறுத்தார். “வேணாம்மா. வரட்டும்.”

குறித்த நாளில் பீடியை விட்டார். லேசாக விடவில்லை. எரிந்து விழுந்தார், மணியண்ணனோடு ஒரு வாளிக்காகச் சண்டை போட்டார், வேர்க்கடலையை மூட்டை மூட்டையாகத் தின்றார். ஆனாலும் விட்டார். மணியண்ணன் மாத்திரை வேண்டாம் என்றுதான் வீட்டுக்குப் போனார். இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவர் வேலைக்குப் போக ஆரம்பித்தபின் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் டேனரியிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்க்கிறார். திரும்பத் திரும்பப் பார்க்கிறார். “இந்த நாத்தமா நானு?” என்றார். “இத்தினி வருசம் இந்த நாத்தத்தோடவா இருந்த நீ?” பீடி போனதும் அவருக்கு மூக்கு திரும்ப வந்திருக்கிறது. “எனக்கு மட்டும் மூக்கு இல்லியா இன்னா?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அன்றைக்கு சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, “இதுல பெருங்காயம் போடுவியா நீ?” என்று கேட்டார். உன் வயசைவிட அதிக நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன் தினா. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும், கல்யாணம் ஆன புதுசில் நான் பார்த்துப் பார்த்துச் சமைத்ததெல்லாம் யாருடைய வாய்க்குப் போனது என்று இருந்தது. உன் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும்போதே நிஷா செய்வதன் வாசனை உனக்குத் தெரிய வேண்டும். இந்தப் பொங்கலுக்கு ஓட்டலில் நீ குனிந்து என் காலைத் தொட்டபோது உன் சட்டையில் சிகரெட் வாசனை வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் திட்டவில்லை. விடுவதற்கு மாத்திரை இருக்கிறது, வார்டு வரைக்கும் போகத் தேவையில்லை, பெங்களூரில் எந்த நல்ல டாக்டரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மாத்திரை மூன்று மாசம். முடியப்போகிற சமயத்தில் அவர் சோர்ந்து காணப்பட்டார். திரும்ப பீடி ஆசை வருகிறதோ என்று எனக்குப் பயம். கேட்டதற்குச் சொன்னார். “மாத்திர தீந்துட்டா அவன் வர மாட்டானே.” மாத்திரை முடிந்தது. கொஞ்ச நாளில் கனவும் நின்றது. காலையில் டீயை வைத்துவிட்டு நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று.

அதற்குப் பிறகுதான் உன் போன். நீ பேசியபோது அவர் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் நீ சொன்னது அவருக்கும் கேட்டிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஒயின் ஷாப்புக்கு ஓடினேன். இந்த வயசில், கையில் மாவோடு, அந்தக் கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினேன். அவர் அங்கே இல்லை. ரயில்வே கேட் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலடியில் அப்போதுதான் பிரித்த ஒரு பீடிக்கட்டு, பக்கத்தில் பாதியில் நசுக்கிய ஒரு பீடி.

“குடிச்சியா?” என்றேன். “ரெண்டு இழுப்பு” என்றார். “அப்புறம்?” “இன்னொரு கை தேட ஆரம்பிச்சிடுச்சி. அதான் கீழ போட்டேன்.” நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ சொன்னார், குடித்தோம். “அவன் சொன்னதுல இன்னா தப்பு?” என்றார். “உன் கை வெந்தத கண்ணால பாத்தவன். நீ போயிட்டு வா. நான் ஸ்டேசன் வரைக்கும் வந்து ஏத்திவுட்டுட்டு வர்றேன்.”

மறுநாள் அவரே வேலூருக்குப் போகலாம் என்றார். இரண்டு இழுப்பு இழுத்ததை டாக்டரம்மாவிடம் சின்னப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். “வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும்” என்று அவர் மறுபடியும் மூன்று மாசத்துக்கு அதே மாத்திரையை எழுதிக்கொடுத்தார். எழுந்து வரும்போது உன் நைனா கதவுகிட்டே நின்றுவிட்டார். “அம்மா, இந்த தடவயும் அந்தக் கனவு வருமா?” டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கனவில் வருவது யார் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். “வரலாம். வராமலும் இருக்கலாம். அத நான் சொல்ல முடியாதுங்க” என்றார்.

மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். இன்றைக்குக் காலை வரைக்கும் நீ வரவில்லை.

நான் கல்யாணத்துக்குத் தனியாகத்தான் வருகிறேன். அவரைக் கூப்பிடு என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்பது உன் இஷ்டம், அதை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது, நானும் பிடுங்க மாட்டேன். நிஷா போனில் என்னிடம், “மாமா வரலியா அத்தை?” என்று கேட்டாள். நான் மழுப்பிவிட்டேன். அவளிடம் நீ மழுப்பாதே. நடந்ததைச் சொல், கோபத்தோடேயே சொல்லு, பரவாயில்லை. அதோடு இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடு. ஒரு வீட்டுக்கு வருகிற பெண் அந்த வீட்டில் எரிந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும், அணைந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது அவர் வேலையிலிருந்து வந்துவிட்டார். குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி வந்து நின்றார். “யாருக்கு எழுதற?” என்றார். “தினாவுக்கு” என்றேன். துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். உள்ளே போனவர் திரும்பி வந்தார்.

“நான் கேட்டேன்னு எழுது.”

“இன்னா கேட்டன்னு எழுதறது?”

“ஒண்ணும் இல்ல. சும்மா, கேட்டேன்னு எழுது.”

எழுதிவிட்டேன், கண்ணு. உன் நைனா உன்னைக் கேட்டார்.

அம்மா